அடித்தல் முப்பத்தொன்று

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்திரண்டு, சீடருக்கு நாற்பது. குரு சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுவாள். சீடர் குருவை மேடம் என்பார், அவள் உள்ளே வந்தால் எழுந்தும் நிற்பார். வயதைப் பார்த்து நான் அவளை ‘அவள்’ என்றே எழுதுகிறேன். சீடருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்.

குரு என்றால் ஆசிரமம் ஒன்று வேண்டுமே. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில், நூலகத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையை ஒழித்து, வெள்ளையடித்து, ‘ஐயம் களையும் மையம்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். எல்லோரும் அதைச் சந்தேக ரூம் என்பார்கள். மதியம் மூன்று முதல் ஐந்து வரை திறந்திருக்கும். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், யாரும் வரலாம், கணக்கில் எது புரியாவிட்டாலும் கேட்கலாம். வாசலில் ஒரு பதிவேடு இருக்கும். பெயர், தேதி, என்ன சந்தேகம் என்று அதில் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும்.

உள்ளே பெனிட்டா இருப்பாள். எம்.எஸ்சி. கணிதம், இரண்டாம் வருடம். மேசையில் ஒரு பொட்டலம் வறுகடலை இருக்கும். யார் வந்தாலும் முதலில் கடலையை நீட்டுவாள், பிறகு ஒரே கேள்வி கேட்பாள்.

“எந்த வரியில நின்னீங்க?”

சீடரின் பெயர் நல்லபெருமாள். ஒரு பத்திர எழுத்தரிடம் பதினெட்டு வருடமாக எழுத்து வேலை பார்க்கிறார். அவருடைய கையெழுத்தைப் பார்த்துவிட்டு, பத்திரம் பதிய வந்தவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையும் அவரையே எழுதித் தரச் சொன்னதுண்டு. முப்பத்தாறு வயதில் கல்லூரியின் மாலை வகுப்பில் பி.காம். சேர்ந்தார். எல்லாத் தாளிலும் தேறிவிட்டார், புள்ளியியல் மட்டும் அரியர். முதல் தடவை ஐந்து மார்க்கில் போயிற்று, அடுத்த தடவை மூன்று மார்க்கில் போயிற்று.

வரும் நவம்பரில் எழுதப்போவதுதான் கடைசித் தடவை. அதோடு பழைய பாடத்திட்டத்தை மூடுகிறார்கள். இதிலும் போனால் பட்டம் கிடையாது, ஆபீஸ் முடிந்து ஓடி ஓடி வந்து படித்த மூன்று வருடமும் வீண்.

வீட்டில் இதெல்லாம் தெரியாது. ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று அவர் சொல்லி வைத்திருந்தார். அவருடைய மனைவி இசக்கியம்மாள் பட்டமளிப்பு விழாப் போட்டோவுக்காகக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணியை அடித்துவிட்டுக் காத்திருந்தாள். தினமும் சாப்பிடும்போது அந்த ஆணி அவருக்கு நேர் எதிரே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை வரை ராகுகாலம். அந்த நேரத்தில் பத்திரம் பதிய ஒருவரும் வரமாட்டார்கள், ஆபீஸ் காற்றாடும். ஊரெல்லாம் ஒதுக்கிவைத்த அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் நல்லபெருமாள் சந்தேக ரூமுக்கு வருவார். பதிவேட்டில் முத்து முத்தாகப் பெயரை எழுதுவார். சந்தேகம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுவார்.

அக்டோபரில் ஒரு செவ்வாய். அது அவர் வந்த முப்பத்திரண்டாவது தடவை. வழக்கம்போல அட்டை போட்ட ஃபேர் நோட்டைத் திறந்து வைத்தார். தலைப்புக்குச் சிவப்பு மை, கணக்குக்கு நீல மை, விடைக்கு அடியில் இரண்டு கோடு.

பெனிட்டா கேட்டாள். “எந்த வரியில நின்னீங்க அண்ணாச்சி?”

“எங்கயும் நிக்கல மேடம். முழுசாப் போட்டுட்டேன். சரியான்னு ஒருக்கா பாத்தாப் போதும்.”

சரியாகத்தான் இருந்தது. முந்தைய முப்பத்தொரு தடவையும் சரியாகவே இருந்தது. டிக் போடப் பேனாவை எடுத்தவள் போடாமல் நிறுத்தினாள். இவ்வளவு சரியாகப் போடுகிற ஆள் பரீட்சையில் மட்டும் எப்படித் தவறுகிறார் என்று அவளுக்குக் கொஞ்ச நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது.

நோட்டின் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். நீல எழுத்துக்கு அடியில் தாள் தேய்ந்து மெலிந்திருந்தது.

“இது என்ன?”

“பென்சில்ல போட்டுப் பாத்தது மேடம். தப்பா வந்துச்சு. அழிச்சிட்டு, கைடப் பாத்துப் பேனாவுல எழுதிட்டேன்.”

“என்ன தப்பு வந்துச்சு?”

“அதான் அழிச்சிட்டனே மேடம்.”

பெனிட்டா கடலைத் தோலை ஊதித் தள்ளினாள். ரஃப் நோட்டு எங்கே என்று கேட்டாள். அப்படி ஒன்று கிடையாது என்றார். படித்தவர்கள் முன்னால் தப்பும் தவறுமாக எப்படிக் கொண்டுவந்து நீட்டுவது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதைச் சொல்லும்போதே அவருக்குக் காது சிவந்துவிட்டது.

அவள் பேச்சை மாற்றினாள். பத்திரத்தில் ஓர் எழுத்து பிசகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

இது அவருடைய சொந்த ஊர்க் கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு விளக்கினார். பத்திரத்தில் அழிக்கவே கூடாது. பிசகான சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும், அடியில் என்ன இருந்தது என்று படிக்கத் தெரிய வேண்டும். சரியான சொல்லை மேலே எழுத வேண்டும். பிறகு பக்கத்தின் கடைசியில் அடித்தல் இத்தனை, திருத்தல் இத்தனை என்று எண்ணி எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

“ஒழுங்கா ரப்பர் வச்சு அழிச்சா என்ன?” என்று அவள் கேட்டாள்.

நல்லபெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்ன மேடம் இப்பிடிக் கேக்கீங்க. அழிச்ச எடத்துல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? பத்திரம் மேலயே சந்தேகம் வந்துரும்லா.”

சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றது. அவர் தன் ஃபேர் நோட்டைப் பார்த்தார்.

பெனிட்டா கையை நீட்டினாள். அவருடைய பென்சில் டப்பாவைத் திறந்து ரப்பரை எடுத்து, தன் டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடினாள். பழைய சுற்றறிக்கை ஒன்றைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். ஐந்து எண்களை எழுதினாள்: 7, 9, 10, 11, 13. திட்டவிலக்கம் கண்டுபிடிக்கச் சொன்னாள், அதாவது இந்த ஐந்தும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று. பேனாவால்தான் போட வேண்டும் என்றாள்.

சராசரி பத்து. விலகல்களை எழுதினார்: கழித்தல் மூன்று, கழித்தல் ஒன்று, பூஜ்யம், ஒன்று, மூன்று. அடுத்து ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்க வேண்டும். கால்குலேட்டரில் எண்ணைப் போட்டு, அதை அதாலேயே பெருக்கித் தரும் வர்க்கப் பொத்தானைத் தட்டித் தட்டி எழுதிக் கூட்டினார். கூட்டினால் பூஜ்யம் வந்தது.

அவருடைய வலது கை தானாகவே மேசையில் ரப்பரைத் தேடியது.

“இப்பத்தான் ஒரு வரியில நின்னிருக்கீங்க” என்றாள் பெனிட்டா. “அங்கயே நில்லுங்க.”

அவர் நின்றார். வேர்த்துவிட்டது. ஐந்து எண்ணும் ஐந்து விதமாக இருக்கும்போது விலக்கம் பூஜ்யமாக இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். வீட்டில் எப்போதும் இந்த இடத்தில்தான் அழித்துவிட்டுக் கைடைத் திறப்பார். பரீட்சை ஹாலில் திறக்கக் கைடு இருக்காது.

பெனிட்டா அவர் எழுதியதை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். முதல் பெருக்கலில் நின்றாள். கழித்தல் மூன்றைக் கழித்தல் மூன்றால் பெருக்கினால் கூட்டல் ஒன்பது. அவர் கழித்தல் ஒன்பது என்று எழுதியிருந்தார்.

“எங்க, இத மறுபடி தட்டுங்க.”

தட்டினார். கால்குலேட்டர் கழித்தல் ஒன்பது என்றே காட்டியது. அவள் அதை வாங்கி, ஓர் அடைப்புக்குறி போட்டு, உள்ளே கழித்தல் மூன்றைப் போட்டு, மூடி, பிறகு வர்க்கப் பொத்தானைத் தட்டினாள். ஒன்பது என்று காட்டியது.

“பிராக்கெட்டா?” என்றார் நல்லபெருமாள்.

“பிராக்கெட்டுத்தான். அது இல்லன்னா மெஷின் மூணை மட்டும் பெருக்கிட்டு, மைனஸை அப்படியே முன்னால வச்சிரும்.”

“ரெண்டு பரீட்சையும் இதுலயா மேடம் போச்சு?”

அவருக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. எதன் மேல் கோபம் என்று தெரியாமல் கால்குலேட்டரை முறைத்தார். பெனிட்டாவுக்கும் வெட்கமாக இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. முப்பத்தொரு தடவை பார்த்துப் பார்த்து டிக் போட்டது நான்தானே அண்ணாச்சி என்றாள்.

கழித்தல் ஒன்பதின் மேல் அவர் ஒரே ஒரு கோடு போட்டார், மேலே ஒன்பது என்று எழுதினார். கீழே கழித்தல் ஒன்றையும் அப்படியே செய்தார். பூஜ்யத்தை அடித்துவிட்டு இருபது என்று எழுதினார். இருபதை ஐந்தால் வகுத்தால் நான்கு, அதன் வர்க்கமூலம் இரண்டு. பிறகு, பதினெட்டு வருடப் பழக்கம் விடுமா, தாளின் கடைசியில் ‘அடித்தல் மூன்று, திருத்தல் மூன்று’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பெனிட்டா பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், பக்கத்தில் ‘சாட்சி’ என்று எழுதித் தானும் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே போன நல்லபெருமாள் வாசலில் நின்று பதிவேட்டைத் திருப்பினார். அன்றைக்கு எழுதியிருந்த ‘இல்லை’யை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே ‘அடைப்புக்குறி’ என்று எழுதினார்.

அதன் பிறகு அவர் செவ்வாய்க்காகக் காத்திருக்கவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டுத் தினமும் நாலு மணிக்கு வந்தார். ஃபேர் நோட்டு வீட்டிலேயே கிடந்தது. கையில் ஒரு நாற்பது பக்க ரஃப் நோட்டு, அதில் எந்த வரியில் நின்றாரோ அந்த வரிக்கு நேரே பென்சிலில் ஒரு புள்ளி. புள்ளி வைத்த இடத்தை மட்டும் கேட்பார். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். முன்பெல்லாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர் இப்போது பத்து நிமிடத்தில் கிளம்பிப் போவதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் எண்ணிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவார், அவள் சாட்சிக் கையெழுத்துப் போடுவாள்.

ஒரு நாள் அவர் கேட்டார். “போன வாரம் ஒரு பக்கத்துக்குப் பதினொண்ணு இருந்துச்சு மேடம். இப்ப ஆறு. அடித்தலே இல்லாம என்னைக்கு வரும்?”

பெனிட்டா தன் நோட்டை எடுத்து அன்று காலை போட்ட கணக்கைத் திறந்து வைத்தாள். நல்லபெருமாள் அதில் ஒரு எழுத்தும் புரியாமல், ஆனால் தொழில் சுத்தமாக, மேலிருந்து கீழே எண்ணினார்.

“பதினாலு” என்றார். பிறகு கண்டிப்பாகச் சொன்னார். “அடியில கையெழுத்துப் போடலியே மேடம்.”

அவள் போட்டாள். அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

நவம்பரில் பரீட்சை வந்தது. காலைப் பரீட்சை, ஒரு மணிக்கு முடிந்துவிடும். மூன்று மணிக்கு அறையைத் திறக்க வந்த பெனிட்டா, நல்லபெருமாள் வாசற்படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவளைப் பார்த்தும் எழுந்து நிற்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கணக்கு வரவில்லையா என்று கேட்டாள். எல்லாம் வந்தது என்றார். மூன்றாவது கேள்வியில் அவசரத்தில் கழித்தல் ஒன்பது என்று எழுதிவிட்டார், உடனே தெரிந்துவிட்டது, ஒரு கோடு போட்டு ஒன்பது என்று திருத்தினார். விடையும் சரியாக வந்தது.

“அப்புறம் என்ன?”

“அடியில அடித்தல் ஒண்ணு, திருத்தல் ஒண்ணுன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டேன் மேடம்.”

பெனிட்டா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். விடைத்தாளில் பெயரோ கையெழுத்தோ அடையாளமோ எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் முறைகேடு என்று தாளையே ரத்து செய்யலாம். அந்தப் பழக்கத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டு வளர்த்தவள் அவள்தான்.

நடந்ததை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். போட்ட கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அந்த விதி நினைவுக்கு வந்தது. பக்கத்து வரிசையில் ஒரு பெண் வைட்னர் வைத்திருந்தாள். கேட்டிருந்தால் தந்திருப்பாள், ஒரு தடவை பூசினால் போதும், யாருக்கும் தெரியாது. ஆனால் இவர் கை தூக்கிக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார், பக்கத்தைத் திறந்து காட்டினார். கண்காணிப்பாளர் இன்னொருவரைக் கூப்பிட்டார், அந்த இன்னொருவர் தலைமைக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார். கையெழுத்தின் மேல் ஒரு கோடு போடச் சொல்லி, நடந்ததை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவோம், அவர்கள் என்ன செய்வார்கள் என்று எங்களால் சொல்ல முடியாது என்றார்கள்.

“வைட்னர் பூசியிருக்கலாமோ மேடம்?” என்று அவர் கேட்டார்.

பெனிட்டா கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள். இரண்டு பேரும் எடுக்கவில்லை.

“பூசியிருந்தா இப்ப இங்க வந்திருப்பீங்களா அண்ணாச்சி?”

அவர் யோசித்தார். நேரே ஆபீசுக்குப் போயிருப்பார். கேட்டால், பரீட்சை நன்றாக எழுதினேன் என்று சொல்லியிருப்பார். ரிசல்ட் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பக்கத்தைப் பற்றி யாரிடமும் பேசியிருக்க மாட்டார்.

“வந்திருக்க மாட்டேன்” என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் இசக்கியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஐந்து மார்க்கில் போனது, மூன்று மார்க்கில் போனது, ரிசல்ட் வரவில்லை என்று சொன்னது பொய், இன்று கையெழுத்துப் போட்டது, எல்லாம். அவள் மறுநாள் முழுக்கப் பேசவில்லை. ஆணியைப் பிடுங்கவும் இல்லை. அதற்கு அடுத்த நாள், பரீட்சையில் போய்க் கையெழுத்துப் போட்ட ஆளை உலகத்தில் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று சுவரிடம் கேட்டாள், கேட்டுவிட்டுச் சிரித்தாள். நல்லபெருமாளுக்கு அன்றைக்குத்தான் சோறு உள்ளே இறங்கியது.

ஜனவரியில் ரிசல்ட் வந்தது. விளக்கத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அறுபத்தொரு மார்க்.

அன்றும் செவ்வாய்தான், ராகுகாலம்தான். ஒரு படி வறுகடலை வாங்கிக்கொண்டு நல்லபெருமாள் சந்தேக ரூமுக்குப் போனார். முகமெல்லாம் பல்லாக இருந்தது. பெனிட்டா எழுந்து நின்றாள். அவர் பதறிப்போய் உட்காரச் சொன்னார். மார்க் ஷீட்டை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தாள், சந்தோஷத்தில் கண் கலங்கியது, மறைக்காமல் துடைத்துக்கொண்டாள்.

சந்தோஷமெல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு அவர் மனதில் இருந்ததைக் கேட்டார். “ஒரு விசயம் மட்டும் வெளங்கல மேடம். ஒன்றர வருசமா இதே ரூமு, இதே பெஞ்சு, இதே நீங்க. முப்பத்தொரு தடவ வந்தும் ஒண்ணும் நடக்கல. அப்புறம் ஒரே மாசத்துல எப்படி?”

பெனிட்டா எழுந்து போய் வாசலில் இருந்த பதிவேட்டை எடுத்து வந்தாள். முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். நல்லபெருமாள், சந்தேகம் இல்லை. அடிஸ்கேலை வைத்து அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டாள். அடுத்ததைத் தேடினாள். நல்லபெருமாள், சந்தேகம் இல்லை. இன்னொரு கோடு. துறைத் தலைவர் பார்த்தால் என்ன சொல்வார் என்று அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. முப்பத்தொரு கோடு போட்டு முடித்தாள். முப்பத்திரண்டாவதை அவரே ஏற்கெனவே அடித்திருந்தார்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். “நான் வந்தது நெசந்தானே மேடம். ஏன் அடிக்கீங்க?”

“வந்தது உங்க ஃபேர் நோட்டு, அண்ணாச்சி.”

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். “இதுக்குக் கீழ எண்ணி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இதுல போடலாம், ரத்து பண்ண மாட்டாங்க.”

நல்லபெருமாள் பேனாவைத் திறந்தார். மெதுவாக, முத்து முத்தாக, ‘அடித்தல் முப்பத்தொன்று’ என்று எழுதினார். ஒரு காற்புள்ளி வைத்தார். ‘திருத்தல்’ என்று எழுதிவிட்டு நிறுத்தினார். அடித்த வரிகளுக்கு மேலே எங்கேயும் எதுவும் எழுதியிருக்கவில்லை. இல்லை என்று எழுதுவதா என்று அவளைப் பார்த்தார்.

பெனிட்டா ஒரு கடலையை உரித்து, ‘இதோ இருக்கிறாரே’ என்பதுபோல அவர் பக்கம் நீட்டினாள்.

“ஒண்ணுன்னு போடுங்க” என்றாள்.